உறைப்புக் குறைந்த இனிப்புத் தூளில் சுட்ட கோழி

சுட்ட இறைச்சி என்றாலே செத்தல் தூளை அள்ளிப் போடுவது எங்கள் வழக்கம். சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் அதைத் தொடமாட்டார்கள். அவர்களும் ஆசையாகச் சாப்பிடத்தான் இந்தத் தூள். கப்பல்துறையில் ஒரு முற்றத்தில் பல மதத்தவர் கூடுவதால் எல்லோரும் உண்ணும் கோழியையே எடுத்துக்கொள்கிறேன். அளவு ஒரு கிலோ கால்துண்டுகளுக்கு.

இனிப்புக்குப் பனங்கட்டிதான் என் தெரிவு. சீனி வெறுமனே இனிக்கும்; பனங்கட்டியில் ஒரு ஆழ்ந்த மணமும் உண்டு. ஆனால் அது ஈரம் பிடித்தது. துருவித் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, கச்சான் காற்று வீசும் நாளொன்றில் வெயிலில் காயவிடுங்கள். மார்கழி மழைக்குள் அது காயாது. அப்போது சிவப்புச் சீனி போதும்.

ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம் இரண்டையும் மணம் எழும்வரை மெல்லிய சூட்டில் வறுங்கள். விதை நீக்கிய 4 செத்தல், ஒரு சிறு துண்டுக் கறுவா, அரைத் தேக்கரண்டி மிளகு சேர்த்து அரையுங்கள். உறைப்பின் பெரும்பகுதி விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. அதையும் சுரண்டி எடுத்தால் நிறம் மட்டும் மிஞ்சும். அரைத்தது நன்றாக ஆறிய பிறகே 3 மேசைக்கரண்டி பனங்கட்டித் தூளும் 2 தேக்கரண்டி உப்பும், அரைத் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூளும் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் பனங்கட்டி இளகிக் கட்டியாகிவிடும்.

கோழியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தூளைத் தோலின் அடியிலும் தடவி, குளிர்சாதனப் பெட்டியில் 4 மணி நேரமாவது வையுங்கள். முதலில் நீர் விடும்; பிறகு அந்த உப்பு நீரில் ஒரு பங்கை இறைச்சியே இழுத்துக்கொள்ளும். தேசிக்காய் இப்போது வேண்டாம். தடவுவதற்கு வேண்டிய தூளை முன்கூட்டியே தனியாக எடுங்கள். பச்சை இறைச்சி தொட்ட கை மீதித் தூள் இருக்கும் போத்தலுக்குள் போகவே கூடாது.

இனி நெருப்பு. தூள் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கெடுவது இங்கேதான். சீனி 160 பாகை செல்சியஸ் அளவில் நிறம் மாறத் தொடங்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏறக் கருகிக் கைக்கும். சிரட்டைக்கரியோ கடுஞ்சூடு. பன்னாடையால் மூட்டுங்கள்; மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் வாசம் இறைச்சியில் ஏறிவிடும். கரி வெண்சாம்பல் பூத்ததும் அதை ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து, பெரிய சட்டியால் மூடுங்கள். இடையிடையே திருப்பி 40 நிமிடம் அளவில் வேகவிடுங்கள். மூட்டோடு குத்தினால் வரும் சாறு தெளிந்திருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் உள்ளே 74 பாகை. கடைசி 2 நிமிடம் மட்டும் கரிக்கு மேலே வைத்துத் தோலை மொறுமொறுப்பாக்குங்கள்.

இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டு, தேசிக்காய் பிழிந்து, ரோஸ் பாணோடு கொடுங்கள். இதே தூளைப் பாரை மீனுக்கும் பூசலாம். பனங்கட்டியையும் உப்பையும் பாதியாக்கி, 20 நிமிடம் ஊறவிட்டால் போதும்.