மாரடைப்புக்குப் பின் எவ்வளவு வேலை செய்யலாம்?

மாரடைப்பு வந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரை எமது குடும்பங்கள் பெரும்பாலும் பாயிலேயே இருத்தி வைக்கின்றன. அவரோ சில மாதங்களில் பொறுமையிழந்து, ஒருநாள் மண்வெட்டியோடு பற்றை வெட்டப் புறப்பட்டுவிடுகிறார். இரண்டுமே ஆபத்தானவை.

படுக்கை ஒருகாலத்தில் வைத்தியர்களே விதித்த சிகிச்சைதான். நான்கு, ஆறு கிழமைகள் அசையாது கிடத்துவார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் லெவின், லவுண் என்ற இரு வைத்தியர்கள் நோயாளரை முதல் நாட்களிலேயே கதிரையில் இருத்தி, அதனால் தீங்கில்லை என்று 1952இல் எழுதினார்கள். அசையாத காலில் இரத்தம் உறையும், தசை மெலியும், மனமும் சோரும். இன்று அளவான பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி.

அந்த அளவை எப்படி அறிவது? நாடித்துடிப்பை எண்ணலாம். ஆனால் அட்டெனோலோல் போன்ற குளிசை எடுப்பவரின் நாடி, கடும் வேலையிலும் அவ்வளவாக ஏறாது. நாடியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வேறொரு வழி காட்டினார்: களைப்பை நோயாளரே 6 முதல் 20 வரை எண்ணிட்டுச் சொல்வது. 11க்கும் 14க்கும் இடைப்பட்டது நடுத்தர முயற்சி. எண் பிடிபடாதவருக்கு வாயே அளவுகோல். நடக்கும்போது முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சுப் போதாதிருக்க வேண்டும். கதைக்கவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

வைத்தியர் சம்மதித்த பின், சமதரையில் ஐந்து நிமிடம், காலையும் மாலையும் நடந்து தொடங்கலாம். கிழமைக்குக் கிழமை சில நிமிடங்கள் கூட்டலாம். மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே முடிக்க வேண்டும். சாப்பிட்டவுடனும் உச்சி வெயிலிலும் வேண்டாம்.

தோட்ட வேலைக்கு வருவோம். ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இருதயத்துக்குச் சுமை அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு வாளி இழுப்பதும் மூட்டை தூக்குவதும் இரத்த அழுத்தத்தைச் சடுதியாக ஏற்றும். ஆகவே அரை வாளியாக, மூச்சை வெளியே விட்டபடி இழுக்கட்டும். முகாமில் மாதக்கணக்காக வேலையின்றி இருந்த உடல் பழைய உடலல்ல என்பதையும் மறக்கக்கூடாது. காணிக்குத் திரும்பியதும் ஒரே நாளில் காடு வெட்டி முடிக்க நினைப்பவரை வீட்டார் மறிக்கத்தான் வேண்டும்.

கடும் பயிற்சியும் உண்டு. நோர்வேயில் 4846 நோயாளரின் பயிற்சியை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், 175,820 மணித்தியாலங்களில் மூன்று பேருக்கே இருதயம் நின்றது, ஒருவர் இறந்தார். ஆனால் அது மேற்பார்வையோடு மருத்துவ நிலையங்களில் நடந்தது. வரம்பில் தனியே நிற்பவருக்கு அது பொருந்தாது.

நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், குளிர்ந்து வியர்த்தால் அந்த இடத்திலேயே வேலையை விட்டு உட்கார வேண்டும். வைத்தியர் தந்திருந்தால் நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை இருந்தபடியே வைக்கவும். ஐந்து நிமிடத்தில் நோ விடாவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும்.