அறுபது நாள்

அனுப்பர்பாளையம்,
திருப்பூர்.

அன்புள்ள கண்ணு,

சித்திக்கு ஒரு குழந்தை கிடைக்கப்போகிறது, ஆனால் வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள், இது சரியா தப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்பு. சட்டப்படி குற்றம். அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய கெடுதலும்கூட. பெரியவர்கள் யாரும் கேட்காததை நீ கேட்டதால் பதிலையும் உனக்கே எழுதுகிறேன். இதைச் சித்திக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும். நான் நேரில் சொன்னால், வக்கீல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ள மாட்டாள். நாத்தனார் குறுக்கே நிற்கிறாள் என்றுதான் அவள் மனதுக்குப் படும்.

நீ எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது இவ்வளவு. பனியன் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ஒரு அம்மாள், ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே சித்தியின் பெயரையும் ஆதாரையும் கொடுத்துவிடலாமாம். பிறப்புச் சான்றிதழே சித்தி பெயரில் வந்துவிடுமாம். செலவுக்கு மூன்று லட்சம். பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போட்டுப் போட்டு உன் சித்தப்பா கட்டிய சீட்டுப் பணம் அது. என் தம்பி வீட்டு வேதனை எனக்குத் தெரியாததில்லை. விசேஷ வீடுகளுக்கு உன் சித்தி போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள். அதனால்தான் இந்த வலையில் அவர்கள் விழக் கூடாது என்று பதறுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 81: குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகலாம். பொய்ப் பெயரில் பிறப்பைப் பதிவது தனிக் குற்றம். 2019 ஏப்ரலில் நமக்குப் பக்கத்திலேயே, ராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசும் ஒலிப்பதிவு வெளியே வந்தது. கைதுகள் நடந்து, விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்குத் தனி விலை என்று பேசியதை அன்று தமிழ்நாடே கேட்டது. அப்படி வாங்கிய வீடுகளிலும் உன் சித்தி மாதிரி ஏங்கிய பெண்கள் இருந்திருப்பார்கள். போலீஸ் கதவைத் தட்டும்போது அவர்கள் கையிலிருக்கும் குழந்தைக்கு அம்மா என்று அவர்கள் முகம் மட்டும்தான் தெரியும். அதை அவர்களிடமிருந்து பிரித்துத்தான் எடுப்பார்கள்.

பிடிபடாமலே போய்விட்டால்? அது இன்னும் மோசம் என்பேன். 1970, 80களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். வளர்ந்தபின் பெற்றவளைத் தேடிக்கொண்டு கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் வந்து இறங்கினார்கள். பலருடைய காகிதங்களில் இருந்த பெயர் பொய். காசு வாங்கிக்கொண்டு, 'நான்தான் பெற்றவள்' என்று கையெழுத்துப் போட்டுக் குழந்தையைக் கொடுத்த பெண்கள் இருந்திருக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்து தொலைக்காட்சி ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. அந்த நாடு விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் அறிக்கையைப் பார்த்து 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. தேடி வந்தவர்கள் சொத்துக் கேட்டு வரவில்லை. எங்கே பிறந்தேன், ஏன் கொடுத்தார்கள், அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்றெல்லாம் தெரிந்துகொள்ள வந்தார்கள். சித்தி பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் நம் வீட்டுக் குழந்தைக்கும் இந்தக் கேள்விகளுக்கு எந்தக் காலத்திலும் பதில் கிடைக்காது. சட்டப்படி வந்த குழந்தை பதினெட்டு வயதுக்குப் பிறகு, தானே விண்ணப்பித்துத் தன் வேரைத் தேடலாம். பெற்றவள் சம்மதித்தால் விவரம் கிடைக்கும். அதற்கு எங்கோ ஒரு கோப்பில் உண்மை எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

இனி நேரான வழி. இதைச் சித்தி பயப்படாமல் கேட்க வேண்டும்.

பெற்றவளால் வளர்க்க முடியவில்லை என்றால், அவள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். கல்யாணமாகாதவள் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். குழு அவளைத் திட்டாது. அவள் பெயரை வெளியிடவும் கூடாது. மனநல ஆலோசனை கொடுத்து, வேறு வழி உண்டா என்று பார்த்து, அப்போதும் அவள் உறுதியாக இருந்தால் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் இரண்டு மாதம், அறுபது நாள், அந்தக் குழந்தையை யாருக்கும் கொடுக்க முடியாது. அவள் மனம் மாறித் திரும்பி வந்தால் அவள் பிள்ளை அவளுக்கு. நான் படித்த சட்டங்களில் இத்தனை ஈரமுள்ள பிரிவு வெகு சில. பச்சை உடம்போடு, பயத்தோடு, பணமில்லாமல் ஒருத்தி எடுத்த முடிவைச் சட்டம் உடனே இறுதி ஆக்குவதில்லை. தரகர் அம்மாளின் திட்டத்தில் அவளுக்கு அறுபது நிமிடம்கூடக் கிடையாது. அவள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்ததற்கே சான்று இருக்காது.

1992இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கலாம், பாடத்தில் படித்திருப்பாய். பெண் சிசுக்களைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்ட காலம் அது. உயிர்கள் பிழைத்தன. ஆனால் யாருமறியாமல் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குக் கதை கிடையாது. ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு உண்டு.

அறுபது நாள் முடிந்து, தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று குழு அறிவித்தபின் குழந்தை எங்கே போகும் என்பதைத் தரகரோ டாக்டரோ முடிவு செய்வதில்லை. டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், காரா என்று சொல்வார்கள், அதன் இணையதளத்தில் பதிந்தவர்களுக்கு வரிசைப்படி வரும். இப்படியொரு மைய அமைப்பு வந்ததற்குக் காரணமே ஒரு கடிதம்தான். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குக் கொடுப்பதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். தத்தெடுப்பில் குழந்தையின் நலன்தான் முதல் என்ற நடைமுறை அங்கிருந்து வளர்ந்தது. அதற்கு முன் நம் ஊர்களில் தத்து என்றாலே வாரிசுக்கும் கொள்ளி போடவும்தான். 1868இல் பிரிவி கவுன்சில் வரை போன ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் கணவனை இழந்த ராணி தத்தெடுக்கலாமா என்று எவ்வளவோ வாதம் நடந்தது. தத்துப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை.

சித்திக்கு 34, சித்தப்பாவுக்கு 39. இரண்டையும் கூட்டினால் 73. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்கு மேல் போகக் கூடாது, அதனால் தடையில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும், குழந்தைக்கும் அவர்களுக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். வாடகை வீடு, லைன் வீடு என்று சித்தி கூச்சப்படுவாள். சொந்த வீடு வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. வாரச் சம்பளத்துக்கு ரசீது இல்லையே என்றால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரின் வருமானச் சான்றிதழ் வாங்கலாம். பான் அட்டை, திருமணப் பதிவுச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் கடிதம் ஆகியவற்றையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதை நீ லீவுக்கு வரும்போது உட்கார்ந்து செய்துகொடு. அப்புறம் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவார். சமைத்து வைத்து, வீட்டுக்கு வெள்ளையடித்து ஆர்ப்பாட்டம் பண்ண வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

காத்திருப்பதுதான் கடினம், அதை மறைக்க மாட்டேன். 2024-25இல் நாடு முழுவதும் சட்டப்படி தத்துப் போன குழந்தைகள் 4,515. பதிந்து காத்திருக்கும் வீடுகளோ முப்பதாயிரத்துக்கு மேல். கைக்குழந்தைதான் வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகலாம். முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும் மருத்துவ விவரமும் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லி, 30 நாளுக்குள் குழந்தை இருக்கும் தத்தெடுப்பு மையத்துக்குப் போய்ப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் வளர்ப்புப் பொறுப்பில் வீட்டுக்கு வந்துவிடும். தத்து ஆணை பிறகு வரும். முன்பெல்லாம் அதற்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல், மையம் இருக்கும் மாவட்டத்தின் கலெக்டரே ஆணை கொடுக்கிறார். அந்த ஆணையை வைத்து வாங்கும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று சித்தி, சித்தப்பா பெயர் இருக்கும். அதே சான்றிதழ்தான், கண்ணு. ஆனால் அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நாலு வயது, ஆறு வயதுக் குழந்தை என்றால் காத்திருப்பு குறையலாம். அதைப் பற்றி யோசிக்கச் சொல். அதற்காக வற்புறுத்தாதே. ஐந்து வயதுக்கு மேல் என்றால் குழந்தையின் சம்மதத்தையும் கேட்பார்கள்.

தரகர் அம்மாள் விடமாட்டார். 'பத்திரம் போட்டுக்கலாம், இந்துச் சட்டத்தில் இடமிருக்கு' என்பார். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது, உண்மை. இந்துக் குடும்பங்களுக்குள் பெற்றவர்களே நேரடியாகக் கொடுக்கலாம்; அக்காள் பிள்ளையைத் தம்பி எடுப்பது மாதிரி உறவுக்குள் நடப்பவை பெரும்பாலும் அதன்படிதான். ஆனால் அதன் 17ஆம் பிரிவு, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. மூன்று லட்சம் கைமாறிய அந்த நிமிடமே அது தத்து இல்லை, வியாபாரம். பிறப்பை வேறு பெயரில் பதிந்துவிட்டால் அங்கே கொடுத்தவளே இல்லை, அப்புறம் எதற்குப் பத்திரம்? நோட்டரி முத்திரை குத்திய ஸ்டாம்ப் பேப்பர் யாரையும் அம்மா ஆக்காது. முன்பணம் கொடுத்திருந்தால் போனால் போகட்டும், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

இவ்வளவும் சித்திக்காக எழுதினேன். எனக்கு நேற்றிலிருந்து தூக்கம் வராததற்குக் காரணம் அந்த ஒடிசாப் பெண். உன் கடிதத்தில் அவளுக்குப் பெயரில்லை. வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா? குழந்தையைக் கொடுக்க அவளே விரும்புகிறாளா, இல்லை ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது ஆசைகாட்டி வைத்திருக்கிறார்களா? மூன்று லட்சத்தில் அவள் கைக்கு என்ன போகும்? மாதாமாதம் அவளை எந்த டாக்டராவது பார்த்தாரா? தமிழ் தெரியாத ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு அவளுக்கு யார் துணை? பெண்களுக்கு 181, அவளே சிறுமி என்றால் 1098. இரண்டும் இலவசம். எந்த நேரமும் பேசலாம். ஆனால் ஒரு பெண் நேரில் போய் உட்கார்ந்து, அவள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவதுதான் சரி. நான் போகிறேன்.

அவள் எந்த விடுதியில் இருக்கிறாள் என்று சித்தியிடம் கேட்டு எனக்கு உடனே போன் செய். எட்டு மாதம் என்றாய். நமக்கு நாள் அதிகமில்லை.

அன்புடன்,
அத்தை