எதிர்மறை ஏவலின் அடி: 'வா', 'நில்' முதலிய வினைகளை முன்வைத்து

ஏவல் வினையையே பகுதியாகக் கொள்வது நன்னூல் மரபு. அப்பகுதியோடு 'ஆதே' சேர எதிர்மறை ஏவல் பிறக்கும் என்பது அம்மரபைத் தழுவிய விளக்கம். நில்லாதே, கேளாதே, நடவாதே என்னும் பழைய வடிவங்களுக்கு அது பொருந்துகிறது. 'வா', 'தா' போல்வனவே ரகரம் பெற்று வாராதே, தாராதே என வேறுபட்டன. இன்றோ நிற்காதே, கேட்காதே, நடக்காதே என்பனவே பெருவழக்கு. இவற்றின் அடி ஏவலன்று. 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சமே. நிற்க, கேட்க, போக, வர, தர என்பவற்றின் ஈற்று அகரம் கெட்டு 'ஆதே' சேர்கிறது. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் பேச்சில் வழங்கும் 'நிக்க – நிக்காத', 'கேக்க – கேக்காத' என்னும் இணைகளிலும் இவ்வுறவு வெளிப்படை. எனவே 'வராதே' என்பதை விதிவிலக்காகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

புதுச்சேரியில் தமிழோடு பயிலப்படும் பிரெஞ்சு இதற்கு ஒப்பாகாது. அங்கு 'வியன்' (வா) உருமாறாமலே நின்று, 'ந வியன் பா' என இருபுறமும் எதிர்மறைச் சொல் பெறும். ஒப்புமை ஸ்பானியத்தில் உண்டு. 'நோ பெங்காஸ்' (வராதே) என்பதற்கு அடி 'பென்' (வா) அன்று. 'பெங்கோ' (வருகிறேன்) என்னும் தன்மை வினையில் காணும் அடியே. ஆயினும் ஸ்பானியத்தில் 'போ', 'இரு' முதலிய பொருளுடைய சில வினைகள் அவ்விதிக்கும் அடங்குவதில்லை. தமிழில் 'போகாதே', 'இருக்காதே' இரண்டும் அடங்குகின்றன. 'இராதே', 'மறவாதே' என்பன எழுத்து வழக்கில் இன்றும் நிலைப்பதைப் பழைய அடியின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம்.