உரையாசிரியரை எந்தப் புலத்தில் எழுதுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியலாக்கப் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே திருக்குறள் அடுக்கு உன் மேசைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. ஆசிரியர் புலத்தில் வள்ளுவரை எழுதுவதா, உரை எழுதிய பரிமேலழகரை எழுதுவதா என்று கேட்டிருக்கிறாய். பழந்தமிழ் நூல்களைப் பட்டியலிடும்போது இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

1887-இல் அச்சான சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள். இயற்றியவர் திருத்தக்கதேவர். உரை நச்சினார்க்கினியருடையது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் மூவருக்கும் இடம் உண்டு. முதன்மை ஆசிரியருக்கான 100-ஆம் புலம் திருத்தக்கதேவருக்கு. மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு 700, அதாவது துணைப் பதிவுக்கான புலம். பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராதே. உரையாசிரியர், பதிப்பாசிரியர் என்று அவரவர் பங்கையும் அதே புலத்தில் குறி. இது ஏன் முக்கியம் என்றால், அதே சாமிநாதையர் 1937-இல் குறுந்தொகையை வெளியிட்டபோது உரையும் தாமே எழுதினார். 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் இருப்பதோ பெயர் தெரியாத ஒருவரின் பழைய உரை. பங்கு குறிக்காத பட்டியலில் இந்த மூன்று நூல்களிலும் அவர் ஒரே மாதிரிதான் தெரிவார். அவருடைய உரைகளை மட்டும் தேடி வரும் ஆய்வாளர் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்காக, மூல ஆசிரியருக்கே எப்போதும் 100 என்று முடிவுகட்டிவிடாதே. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களில் முடிந்துவிடுகிறது. அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் பெருநூல். வாதம், மறுப்பு, சித்தாந்த விளக்கம் எல்லாம் அவருடையவை; தலைப்பே உரையின் தலைப்பு. இங்கே 100-இல் சிவஞான முனிவர்தான் வர வேண்டும். மெய்கண்டாரின் பெயரையும் சிவஞானபோதம் என்ற நூற்பெயரையும் சேர்த்து 600-இல், அதாவது பொருள் தலைப்பாகக் கொடு. மூலமும் முழுதாக அச்சாகியிருந்தால் அதே இணைப்பை 700-இலும் கொடு. மெய்கண்டாரைத் தேடுகிறவருக்கும் நூல் அகப்படும். அவர் எழுதாத பக்கங்கள் அவர் கணக்கிலும் ஏறாது.

எது எந்த வகை என்று எப்படித் தீர்மானிப்பது? முதலில் தலைப்புப் பக்கம். மேலட்டையை நம்பாதே, விற்பனைக்காக உரைகாரர் பெயரைப் பெரிதாகப் போடும் பதிப்புகள் ஏராளம். உள்ளே “மூலமும் உரையும்” என்று இருந்தால் பெரும்பாலும் அது மூலத்தின் பதிப்பு. தலைப்புப் பக்கம் தெளிவாகச் சொல்லவில்லையா? ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: முன்னுரை எதை வலியுறுத்துகிறது, மூலத்தையும் உரையையும் அச்சில் எப்படி அமைத்திருக்கிறார்கள், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது. அப்போதும் ஐயம் தீராவிட்டால் மூலத்தின் பதிப்பாகவே கொள்ளலாம். நல்ல விதி. ஆனால் உரை மூலத்தைவிட நீளுவது நம் மரபில் சாதாரணம் என்பதால், பக்க அளவுக்கு நான் குறைந்த மதிப்பே தருவேன். ஆகவே உன் பரிமேலழகர் உரைப் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் வள்ளுவர் 100-இல், பரிமேலழகர் 700-இல்.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. பரிமேலழகரின் உரைத்திறனை ஆராய்ந்து இன்றைய பேராசிரியர் ஒருவர் எழுதிய நூல் வரும். அதில் பரிமேலழகருக்கு 700 தரவே கூடாது, 600 மட்டும்தான். இதைக் குழப்பினால், அவர் பரிபாடலுக்கும் உரை எழுதியவர் என்பதை அறிய வந்த மாணவர் முன் அவர் எழுதியவையும் அவரைப் பற்றியவையும் ஒரே குவியலாக வந்து நிற்கும்.

அலமாரியிலும் இதே சிக்கல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் தம் கோலன் பகுப்பில் செவ்வியல் நூல்களுக்கென்றே ஓர் உத்தி வைத்தார். மூலம், அதன் உரை, உரைக்கு உரை என எல்லாம் அடுத்தடுத்து நிற்க அது வழிசெய்கிறது. உரைமரபைக் கண்முன் பார்த்து வளர்ந்தவருக்கே அந்தத் தேவை அவ்வளவு துல்லியமாகப் புலப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று உனக்குப் பயிற்சிக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஈட்டின் தமிழாக்கம்’ தொகுதிகளை எடுத்துவை. திருவாய்மொழி நம்மாழ்வாருடையது. அதற்கு நம்பிள்ளை வாய்மொழியாக வியாக்கியானம் சொன்னார். வடக்குத் திருவீதிப் பிள்ளை அதை ஏடுபடுத்தினார். ஈடு எனப்படும் அந்த மணிப்பிரவாள நடை வியாக்கியானத்தைப் புருஷோத்தம நாயுடு தமிழாக்கினார். நான் 100-ஐ நம்பிள்ளைக்குக் கொடுப்பேன், கருத்தும் பேச்சும் அவருடையவை என்பதால். ஏடுபடுத்தியவருக்கே தர வேண்டும் என்று வாதிடுவோரிடமும் நியாயம் இருக்கிறது. நால்வரையும் அவரவர் பங்கோடு ஒரு பதிவில் அமைத்து அனுப்பு. வள்ளுவர் அடுக்கை அதன் பிறகு தொடு.

அன்புடன்,
உன் அண்ணன்