கொக்கியா, ஊசியா? பாச்சாங் பின்னல் வகுப்பினருக்கு ஒரு வழிகாட்டி

நாலு பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொள்வது, வீட்டில் தனியே கைப்பேசியில் பாடம் பார்த்துப் பின்னுவதிலிருந்து முற்றிலும் வேறான காரியம். தனியே பின்னுகிறவர் தமக்கு வாய்த்த கருவியையும், கண்ணைக் கவர்ந்த நூலையும், ஆசைப்பட்ட வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் லாப நஷ்டம் அவரோடு போயிற்று. வகுப்பில் சேர்ந்தவரோ, தமக்கென்று தெரிந்தெடுப்பதில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்காகவும் தெரிந்தெடுக்கிறார். ஏனென்றால், ஒருவர் மடியிலிருக்கும் வேலை மற்றவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தால்தான் யோசனை சொல்ல முடியும். ஒருவர் கண்டுபிடித்த உபாயம் அடுத்தவர் வேலைக்கும் பொருந்தினால்தான் அதைச் சொல்வதில் பிரயோஜனமுண்டு. இந்த ஒரு நோக்கத்தை முன்னிறுத்திக்கொண்டு, மலாக்காவின் பாச்சாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் பின்னல் வகுப்புத் தொடங்க எண்ணுவோர் முன்னால் வரும் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் யாருக்காக என்பது தெளிவாக வேண்டும். டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்ட காலந்தொட்டு மலாக்காத் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வேலை சுருங்கிய பிறகு, பட்டணத்தை ஒட்டிய பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆகையால் இங்கே ஒரு வகுப்புக் கூடினால், இளமையில் பால் வெட்டிய பாட்டியும், பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துவிட்டு வரும் பெண்ணும், பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வரும் சிறுமியும் ஒரே பாயில் உட்காருவார்கள். கண் பார்வை ஒருவருக்கொருவர் மாறுபடும். கிடைக்கும் நேரமும் துண்டு துண்டாகவே கிடைக்கும். எந்தத் தேர்வும் இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கொக்கியும் ஊசியும்

பின்னல் கலையில் இரண்டு பெரும் மார்க்கங்கள் உண்டு. குரோஷா என்பது நுனியில் வளைவுள்ள ஒற்றைக் கொக்கியால் கண்ணிகளைக் கோத்துக்கொண்டு போவது; நிட்டிங் என்பது இரண்டு நீண்ட ஊசிகளில் கண்ணிகளை வரிசையாக ஏற்றி, ஓர் ஊசியிலிருந்து மற்றோர் ஊசிக்கு மாற்றிக்கொண்டே போவது. நிட்டிங் மிகவும் பழமையானது. எகிப்தில் பின்னப்பட்ட பருத்திக் காலுறைகள் பல நூற்றாண்டுகள் கடந்து இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் அதற்கு இயந்திரமே செய்துவிட்டார். குரோஷாவோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் பரவலாயிற்று. ஆயினும் அசல் குரோஷாவைப் பின்னும் இயந்திரம் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை என்பது அதற்குரிய விசேஷம்.

நிட்டிங்கில் ஒரு வரிசையிலுள்ள அத்தனை கண்ணிகளும் ஒரே சமயத்தில் ஊசியின்மேல் உயிரோடிருக்கின்றன. ஒன்று நழுவினால் கீழுள்ள வரிசைகளிலும் அடுத்தடுத்துப் பிரிந்து ஏணிபோல் இறங்கிவிடும். அதை ஏற்றி எடுப்பது ஆரம்பத்தில் கற்பவருக்கு எளிதன்று. குரோஷாவில் உயிரோடிருக்கும் கண்ணி ஒன்றே ஒன்று. குழந்தை அழுதால் கொக்கியை உருவிவிட்டு அந்த ஒரு கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்திவைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். தவறு நேர்ந்தாலும் நூலை இழுத்துப் பிரித்து, தவறு நேர்ந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிரதியாக நிட்டிங்குக்கு இரண்டு அனுகூலங்கள் உண்டு: துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், ஆகவே உடம்பில் படியும்; அதே பரப்புக்கு நூலும் குறைவாகச் செலவாகும்.

மலாக்காவின் வெக்கையில் ஸ்வெட்டருக்கு வேலையில்லை. கேமரன் மலைக்குப் போகிறவருக்கும், குளிர்நாட்டில் படிக்கப்போன பிள்ளைக்கு அனுப்புகிறவருக்கும் மட்டுமே அது உதவும். வீட்டுக்கு வேண்டிய தோரணம், மேசை விரிப்பு, தண்ணீர்ப் புட்டிக்கு உறை, தோள்பை முதலியவற்றுக்கு விரிந்து கொடுக்காத கெட்டியான துணியே தேவை. அது குரோஷாவின் சுபாவம். கற்பவருக்கு இடையூறு குறைவு, செய்யும் பொருளுக்குப் பொருத்தம் அதிகம் என்ற இரண்டையும் உத்தேசித்தால், வகுப்பைக் கொக்கியில் தொடங்குவதே விவேகம். குழந்தைத் தொப்பியோ காலுறையோ பின்ன ஆசைப்படுகிறவர், கை பழகிய பிறகு ஊசிக்கு மாறலாம். கண்ணியைக் கண்ணால் படிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவாகையால் கற்றது எதுவும் வீண்போகாது.

கொக்கியின் அளவிலும் ஒற்றுமை வேண்டும். 4 மில்லிமீட்டர் கொக்கி, நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கும் நடுவயதுக் கண்ணுக்கும் ஏற்றது. அலுமினியக் கொக்கி வழுக்கிக்கொண்டு ஓடும். மூங்கில் கொக்கி சற்றே பிடித்துக்கொள்ளும். கை வியர்க்கிறவருக்கும் கண்ணியை அடிக்கடி நழுவவிடுகிறவருக்கும் மூங்கில் சௌகரியம். வேகம் வந்தவருக்கு அலுமினியம். விரல் மூட்டு வலியுள்ள மூத்தவர்களுக்குப் பருத்த ரப்பர்ப் பிடி போட்ட கொக்கி வாங்கித் தந்தால், அரைமணி நேரத்தில் ஓய்ந்துபோகிறவர் ஒருமணி நேரம் உட்காருவார்.

எந்த நூல்?

கடையில் கண்ணைப் பறிப்பது அக்ரிலிக். மலிவு, நிறம் எண்ணிலடங்காது, எளிதில் நைந்துபோகாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது; சூடு பட்டால் உருகிவிடும்; ஆகையால் சட்டி பிடிக்கும் துணியை அதில் பின்னுவது ஆபத்து. குத்துவிளக்கின் அடியில் விரிப்பதற்கும் அது உதவாது. ஆட்டு மயிர்க் கம்பளி மிருதுவாகப் பின்ன வரும் என்றாலும், இந்தச் சீதோஷ்ணத்தில் அணிய முடியாது. பெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சிக்கு ஆகாரமாகும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி துவைக்கலாம், சூட்டைத் தாங்கும். அதன் குறை இரண்டு: விரிந்து கொடுக்காததனால் மணிக்கட்டுச் சீக்கிரம் களைக்கும், ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சணப் புள்ளி விழும். துவைத்ததும் மின்விசிறிக்கடியில் தட்டையாக விரித்துக் காயவைத்தால், நிறமும் வெயிலில் வெளிறாது, உருவமும் தொங்காது.

'மில்க் காட்டன்' என்று விற்கும் நூல் அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் நடுவே நிற்பது. பெயரில் பருத்தி இருந்தாலும் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்தது. பை, பொம்மை, புட்டி உறை ஆகியவற்றுக்குத் தாராளமாக உபயோகிக்கலாம், அடுப்பங்கரைப் பொருள்களுக்குக் கூடாது. சுற்றுத்தாள் கிழிந்துபோன நூல் எதுவென்று சந்தேகமிருந்தால், விரல் நீளத் துண்டொன்றை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்ப்பது பழைய யுக்தி. பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து தூளாகும் சாம்பலை விடும். கம்பளி தலைமயிர் கருகும் நாற்றம் வீசும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும்.

முதல் வேலைக்கு இளநிறப் பருத்தி நூல்தான் உத்தமம். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. வெள்ளையோ கைபட்டு இரண்டு நாளில் அழுக்காகும். இளமஞ்சள், வான்நீலம், பிஸ்தாப் பச்சை இவற்றிலொன்றை எல்லோரும் எடுத்துக்கொண்டால் கற்பிப்பவரின் சிரமம் பாதியாகக் குறையும்.

முதல் வேலை எது?

நீண்ட சால்வையைத் தொடங்குகிறவர் பலர், முடிக்கிறவர் சிலர். பொம்மை சீக்கிரம் ஆசைகாட்டும். ஆனால் வட்டமாகச் சுற்றிக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் போக வேண்டியதால், எண்ணிக்கை தவறினால் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சதுரத் துணி இவ்விரண்டையும்விட மேலானது: ஓரிரு மாலைகளில் முடியும், முடிந்ததும் பாத்திரம் துடைக்க ஆகும், தப்பு நேர்ந்தால் ஓரமே காட்டிக்கொடுக்கும்.

ஓரம் காட்டிக்கொடுப்பதாவது இதுதான். இருபது கண்ணியோடு தொடங்கியவர், பத்தாவது வரிசையில் துணியைத் தூக்கிப் பார்த்தால் மேலே குறுகிச் சரிந்திருக்கும். "அக்கா, நேராத்தானே போட்டேன், ஏன் இப்படி உள்ள போவுது?" என்பார். மூத்தவர் ஒருவர் துணியை வாங்கி, வரிசையின் முடிவை நகத்தால் பிரித்துக் காட்டி, "ஒவ்வொரு வரியிலயும் கடைசிக் கண்ணிய விட்டுட்ட, பாரும்மா" என்பார். கடைசிக் கண்ணி சற்றே சாய்ந்து ஒளிந்துகொள்வதனால் கண் அதைத் தாண்டிவிடுகிறது. வரிசைக்கு ஒன்றாக இருபது பத்தொன்பதாகி, பத்தொன்பது பதினெட்டாகிறது. ஒவ்வொரு வரிசையின் முதற்கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு போனால் இது நேராது. வகுப்பில் எல்லோர் கையிலும் அதே இருபது கண்ணிச் சதுரம் இருந்தால், இந்த ஒரு குறிப்பு ஒரே நிமிஷத்தில் எல்லோருக்கும் பயன்படும். ஒருவர் பொம்மையும் ஒருவர் சால்வையும் பின்னிக்கொண்டிருந்தால், அதே குறிப்பை வெவ்வேறு விதமாய்ப் பலமுறை சொல்ல வேண்டிவரும்.

நூலை இழுத்துப் பிடிக்கும் பதமும் சதுரத்தில்தான் வெளிப்படும். பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: உளி ஆழப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது, அவ்விதமே இறுகப் பின்னினால் கொக்கி நுழையாது, தளரப் பின்னினால் துணி வலையாகிவிடும். இருவர் ஒரே கொக்கியில் ஒரே நூலில் பின்னிய இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், யார் கை இறுக்கம், யார் கை தளர்வு என்று பளிச்சென்று தெரியும். இறுக்கமானவர் அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கிக்கும், தளர்வானவர் அரை மில்லிமீட்டர் சிறியதற்கும் மாறிக்கொண்டால் போதும்.

எப்படிப் பகிர்வது?

வகுப்பை நடத்துவதில் மூன்று விதங்கள் உண்டு. ஆசிரியை ஒருவர் முன்னே நின்று பாடம் நடத்துவது ஒன்று. அவரவர் வேலையை அவரவர் கொண்டுவந்து பேசிக்கொண்டே பின்னுவது இரண்டாவது. எல்லோரும் துண்டு துண்டாகப் பின்னி ஒரு பெரிய பொருளாக இணைப்பது மூன்றாவது. முதலாவதில் ஒழுங்குண்டு, ஆனால் ஆசிரியை வராத வாரம் வகுப்பில்லை. இரண்டாவதில் தோழமையுண்டு, ஆனால் புதிதாய் வந்தவர் ஓரத்தில் ஒதுங்கிவிடுவார். மூன்றாவது, கைதேர்ந்தவரையும் கற்றுக்குட்டியையும் ஒரே காரியத்தில் கட்டிவைக்கிறது.

இதற்குச் சென்னை நல்ல முன்னுதாரணம். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷா குவீன்ஸ்' என்ற மகளிர் குழுவினர், பற்பல ஊர்களிலிருந்து பின்னி அனுப்பிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை புரிந்தார்கள். அளவு முன்கூட்டித் தீர்மானமாகியிருந்தால்தான் முகமறியாதவர் பின்னிய துண்டும் அடுத்த துண்டோடு பொருந்தும். பாச்சாங் வகுப்புக்குப் பத்துச் சதுரம் அகலமும் பன்னிரண்டு சதுரம் நீளமுமுள்ள ஒரு விரிப்பே போதும். அளவை முன்கூட்டித் தீர்மானிக்கும் நியமம் மட்டும் அதுவே.

முறைக்குறிப்புகளைப் பகிரும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் 'டபிள் குரோஷா' என்று குறிக்கப்படுவதையே அமெரிக்கப் பாடங்கள் 'சிங்கிள் குரோஷா' என்று குறிக்கின்றன; பாட்டி வைத்திருக்கும் புத்தகத்தையும் பேத்தி பார்க்கும் காணொளியையும் கலந்து பின்னினால், துணியின் உயரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். எந்த நாட்டு வழக்கு என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிட்டுக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பலாய் ராயா என்னும் சமூக மண்டபத்தில் விசிறியும் வெளிச்சமும் உண்டு, நேரம் கட்டுப்பட்டது. கோயில் மண்டபம் எல்லோருக்கும் பழக்கமானது, திருவிழாக் காலத்தில் கிடைக்காது. வீட்டு முற்றம் உறவினருக்கு இதம், புதியவருக்குக் கூச்சம். புதியவரைச் சேர்க்க விரும்பும் வகுப்புப் பொது இடத்தையே நாடுவது நல்லது.

வீட்டுக்கா, விலைக்கா?

தமிழ்ப் பெண்களின் நூல்வேலை வியாபாரமாகியதற்கு நெடிய சரித்திரமுண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகளும் தமிழறிஞர் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அந்த வித்தையை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். தமிழ்நாட்டின் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் நரசாபூரிலோ, வீட்டுக்குள் இருந்தபடியே குரோஷா லேஸ் பின்னிய பெண்களின் உழைப்பு, ஓய்வு நேரப் பொழுதுபோக்கென்று கணிக்கப்பட்டு மிகக் குறைந்த கூலிக்கே வாங்கப்பட்டதைச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் எடுத்துக்காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் படிப்பினை, நூலின் விலையை மட்டும் கணக்கிட்டு விற்கக் கூடாதென்பது.

தீபாவளிச் சந்தையில் புட்டி உறையோ கைப்பையோ விற்க எண்ணுகிறவர், தாம் அதற்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதை முதலில் எழுதிப்பார்க்கட்டும். அந்த மணிக்குரிய கூலியையும் சேர்த்துச் சொன்ன விலையை வாங்குவோர் ஏற்காவிட்டால், அந்தப் பொருளை விற்பனைக்குப் பின்னாமல் உறவினருக்குப் பரிசாகப் பின்னுவதே மேல். வகுப்பினர் ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துப் போட்டியிடுவது மட்டும் கூடாது. நேற்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த உபாயத்தை நாளை சந்தையில் பகையாக்கிக்கொண்டால், மறுவாரம் யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள்.

முடிவாக

தொடக்கத்தில் எல்லோருக்கும் 4 மில்லிமீட்டர் கொக்கி, இளநிறப் பருத்தி, இருபது கண்ணிச் சதுரம். அவற்றை இணைத்து ஒரு விரிப்பு. ஓரம் நேராக வரும் சதுரங்கள் நாலைத் தொடர்ந்து பின்னியவர் தம் விருப்பம்போல் பிரிந்து போகலாம்: குளிர்நாட்டுப் பிள்ளையுள்ளவர் ஊசிக்கும் கம்பளிக்கும், பேரப்பிள்ளையுள்ளவர் பொம்மைக்கும் மில்க் காட்டனுக்கும், கண் மங்கியவர் பருத்த நூலுக்கும் பெரிய கொக்கிக்கும். அப்படிப் பிரிந்தவர்களும் வாரந்தோறும் புதிதாய் வருகிறவர் ஒருவரின் முதற்சதுரத்தைக் கையில் வாங்கிக் கண்ணியெண்ணிக் கொடுப்பது என்ற கடமையை மட்டும் விடாமலிருந்தால், ஆசிரியை மாறினாலும் இடம் மாறினாலும் வகுப்பு நடந்துகொண்டேயிருக்கும்.