கோபே போகும் சின்னவனுக்கு

ராமாபுரம்,
மைசூரு.

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நீயும் மருமகளும் ஜப்பான் போக டிக்கெட் போட்டாயிற்று என்று அவள் வந்து சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. நம் வீட்டில் கடல் தாண்டிப் போகும் முதல் ஆள் நீதான். அப்பாரு இருந்திருந்தால் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். கோபே என்ற ஊரில் பேர் போன ஒரு ஸ்டேக் ஹவுஸில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறாயாம். ஆளுக்கு இருபதாயிரம் யென். "அதுக்காகத்தாம்மா அந்த ஊருக்கே போறோம்" என்றாயாம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், நீயும் சட்டென்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ஒரே மூச்சில் படிக்காமல் நிதானமாகப் படி.

எதிர்வீட்டுப் பையனை உனக்குத் தெரியும். பிடதி டொயோட்டா ஆலையில் வேலை, பயிற்சிக்காக ஆறு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவன். அவனைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன். அவன் சொன்னதை எல்லாம் உனக்குச் சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருப்பாய்.

வாக்யு வேறு, கோபே வேறு. வாக்யு என்றால் ஜப்பானிய மாடு, அவ்வளவுதான். கோபே என்று பெயர் வைக்க வேண்டுமானால் அது தஜிமா இனத்து மாடாக இருக்க வேண்டும், ஹ்யோகோ மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். சதைக்குள் கொழுப்பு ஓடியிருப்பதைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறாம் படிக்குக் கீழே போனால் கோபே என்ற பெயர் கிடையாது. பதிவு பெற்ற கடையில் வெண்கலத்தில் ஒரு மாட்டுச் சிலை வைத்திருப்பார்கள். ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடை எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. விலை நூறு கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், தட்டுக்கு என்று நினைத்துவிடாதே. அதே கடையில், அதே அடுப்பில், மத்தியானச் சாப்பாடு ராத்திரியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்குமாம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பிடித்த இடத்தைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் வாங்கிவிடும் கடைகள் உண்டு. வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் நாலைந்து நாள் முன்னாலேயே சொல்லிவிடு.

இரும்புத் தகட்டுக்கு முன்னால் உட்கார வைத்து கண் எதிரிலேயே சுடுவார்களாம். 1945-இல் கோபேயில் மிசோனோ என்ற கடைதான் அந்த முறையைத் தொடங்கியது என்கிறார்கள். உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுத்துத் தட்டில் வைப்பார்கள், அதுதான் அவர்களுக்கு ருசி. ஐந்தாவது படிக்கும்போது டைபாய்டில் இருபது நாள் கிடந்தாயே, அந்த வயிறு இதைத் தாங்குமா என்று நீயே யோசித்துக்கொள். வீட்டுக் கடன் தவணை மாதம் பிறந்தால் வந்து நிற்கிறது. இரண்டு பேருக்குமாக ஒரு வேளைக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

சுற்றுலா ஊர் என்றால் எப்படி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தசரா பார்க்க வருகிறவர்கள் அரண்மனைக்கு எதிரே விலைப்பட்டியல் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டு, பில் வந்ததும் முழிப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள் நாம். உள்ளூர்க்காரன் நசர்பாத் மைலாரிக்கு தோசைக்குப் போவான், மண்டி மொஹல்லாவில் ஹனுமந்து பலாவுக்குப் போவான். அந்த ஹனுமந்து கடை 1930-இலிருந்து நடக்கிறது. அப்பாரு வருஷத்துக்கு ஒரு தடவை, தசராவுக்கு மறுநாள், உங்கப்பனையும் என்னையும் அங்கே கூட்டிப்போவார். இலையில் மட்டன் பலாவ் வைத்ததும் உங்கப்பன் எலும்பை எல்லாம் என் பக்கம் தள்ளுவான். நான் கறி சாப்பிடாதவன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆடு, கோழி, மீன் எதற்கும் நான் குறுக்கே நின்றதில்லை. மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகள் நம் ஊரிலேயே உண்டு. அந்த வீட்டுத் திண்ணைகளில் சோறு தின்று வளர்ந்தவன் நான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அது அவர்கள் சாப்பாடு. நான் பேசுவது நம் வீட்டைப் பற்றி மட்டும்.

பணம் கிடக்கட்டும் சின்னவனே. நீ சம்பாதிக்கிறாய், செலவு செய்கிறாய். நான் சொல்ல வந்தது பணம் இல்லை.

நம் உழவு மாடுகள் இடத்தானும் வலத்தானும் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வலத்தான் கழுத்துக்கு அடியில் போய் நிற்பாயே, அது தலையைத் தாழ்த்திக் கொடுக்கும். அப்பாரு 2009 தையில் சுஞ்சனகட்டே ஜாத்திரையில் பிடித்த ஜோடி அது. நானும் கூட இருந்தேன். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். அப்பாரு ஒரு விரல் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றார். சுத்தமான ஹள்ளிகார். நீள முகம், நெற்றியில் நெருங்கி முளைத்து, பின்னால் சாய்ந்து மறுபடி முன்னால் வளையும் கொம்பு, சாம்பல் மயிலை நிறம். திப்புவின் பீரங்கிகளை இழுத்த அம்ருத் மஹால் மாடுகளுக்கு மூலம் இந்த இனம்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த மந்தையை வெள்ளைக்காரன் விடாமல் தன்வசம் எடுத்துக்கொண்டான், அத்தனை பெறுமதி. அப்பாரு அதைச் சொல்லாமல் ஒரு நாளும் தண்ணீர் காட்ட மாட்டார்.

2016-இல் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மழை இல்லை. உன் காலேஜுக்குப் பணம் கட்டக் கெடு வந்துவிட்டது. மேட்டுக்காட்டில் அரை ஏக்கரைக் கொடுத்துவிடலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று உங்கப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் உன் அக்காவின் பிரசவத்துக்காக கோபிச்செட்டிபாளையம் போனேன். அந்த செப்டம்பரில்தான் காவிரிக் கலவரம் வெடித்தது. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்தினார்கள், இரண்டு பக்கமும் பஸ் நின்றுபோனது. சத்தியமங்கலம் வந்து, திம்பம் மலை ஏறி, எல்லை வரை வந்து ஒரு தடவை திரும்பிப் போனேன். பன்னிரண்டாம் நாள் வீடு வந்து சேர்ந்தேன். கட்டுத்தரை காலியாக இருந்தது. சாணி காய்ந்துபோய்க் கிடந்தது. கயிறு மட்டும் இருந்தது. விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வருவதுதான் வழக்கம், உங்கப்பன் அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தான்.

62,000 ரூபாய் என்றான். யாருக்குக் கொடுத்தாய் என்றேன். தரகருக்கு என்றான். எந்த ஊர்த் தரகர் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். கடைப்பல் சேர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆன உழவு மாட்டை மழையில்லாத வருஷத்தில் வாங்குகிறவன் ஏர் பூட்டவா வாங்குவான்? அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மூன்று சந்தைக்குப் போய்த் தேடினேன். யாராவது திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்றரை கொடுத்து வாங்கத் தயாராகத்தான் போனேன். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு உங்கப்பனும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு. அவன் போன பிறகும் அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. நிலத்தை விற்றிருந்தால் நிலம் எங்கேயும் போயிருக்காது, அந்த இடத்திலேயேதான் கிடந்திருக்கும். இதை அவனிடம் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

நீ தப்பு செய்தாய் என்று சொல்லவில்லை, கண்ணு. பதினெட்டு வயசுப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும். ஆனால் உன் முதல் வருஷப் படிப்பு அந்த இரண்டு மாட்டின் விலை. அதை வைத்துத்தான் வேலை, வேலையை வைத்துத்தான் இந்தப் பயணம்.

எதிர்வீட்டுப் பையன் இன்னொரு விஷயம் சொன்னான், அதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டாம். தட்டில் வைக்கும் துண்டு எந்த மாடு, எந்த நாள் பிறந்தது, எங்கே வளர்ந்தது எல்லாம் அந்த எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். கோபே மாட்டுக்குக் கன்றிலேயே தரும் பதிவுச் சான்றிதழில் அதன் மூக்கு ரேகையும் பதிந்திருக்குமாம், நமக்குக் கைரேகை மாதிரி. 1939-இல் பிறந்த தஜிரி என்ற ஒரு காளையின் பெயரை இன்றைக்கும் சொல்கிறார்கள், ஜப்பானின் கறுப்பு மாடுகள் ஏறக்குறைய எல்லாமே அதன் வம்சமாம். அந்தத் தஜிமா மாடும் முன்னால் உழவு மாடுதான், மலைச்சரிவில் துண்டு துண்டான வயல்களில் ஏர் இழுத்தது. அங்கேயும் ஒரு காலத்தில் மாட்டைத் தின்ன மாட்டார்கள். 675-இல் தென்மு என்ற சக்கரவர்த்தி, பயிர்க் காலத்தில் மாட்டைத் தின்னக் கூடாது என்று ஆணையே போட்டார். 1868-இல் கோபே துறைமுகம் வெள்ளைக்காரர்களுக்குத் திறந்த பிறகுதான் எல்லாம் மாறியது. 1872-இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வந்தது. அவர்கள் மாறியதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு. நான் அதில் தலையிட யார்.

எனக்கு உறைத்தது அந்த எண்தான். சாப்பிடப் போகும் மாட்டுக்குக்கூட அவர்கள் பிறந்த நாளும் ஊரும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வலத்தான் எந்த ஊரில் லாரியிலிருந்து இறங்கியது என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி முடிவு உன் கையில். உன் வயசுக்கு நான் கட்டளை போட மாட்டேன். போவதாக இருந்தால் போ. ஆனால் தட்டு வந்ததும் அந்தப் பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த மாடு பிறந்த நாளையும் வளர்ந்த ஊரையும் வாய்விட்டு ஒரு தடவை படித்துவிட்டு, அப்புறம் சாப்பிடு. வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. அதே இரும்புத் தகட்டில் இறாலும் மீனும் காய்கறியும் சுட்டுத் தரும் கடைகள் உண்டு. பக்கத்திலேயே ஆகாஷி என்ற ஊர், மீனுக்கும் ஆக்டோபஸுக்கும் பேர் போனது. அந்தப் பக்கத்துக் கடலுக்கு மேலே 1998-இல் திறந்த பாலம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, நீ இன்ஜினியர், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோபேயில் குஜராத்திகளும் சிந்திகளும் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிறார்கள், கிட்டானோ பகுதியில் ஜைனக் கோயில்கூட இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும். "மாட்டிறைச்சி வேண்டாம்" என்பதை ஜப்பானிய எழுத்தில் அந்தப் பையனிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் காட்டு.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். முழுக்க என் பாட்டாகவே இருக்கிறது. நீ கோபித்துக்கொள்ளாதே ராஜா. நீ எதைச் சாப்பிட்டு வந்தாலும் இந்த வீட்டுப் பிள்ளைதான், உனக்கு விழும் இலை உனக்கு விழும். மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, பாவம், புதுப் பெண், பெரியப்பா திட்டுகிறார் என்று நினைப்பாள். அவளுக்கு நல்ல பட்டுத்துணி பார்த்து வாங்கிக் கொடு, பணம் நான் தருகிறேன். நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கொள். இரண்டு பேரும் நன்றாகச் சுற்றிப் பாருங்கள், நிறையப் படம் எடுங்கள். உன்னைப் போல ஒரு பிள்ளை இருப்பது எங்கள் பாக்கியம், அதை உங்கப்பன் வாய்விட்டுச் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

அந்தக் கயிறு இன்னும் கட்டுத்தரை ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம்தான் எடுத்து எண்ணெய் தடவி வைத்தேன்.

அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். போய் இறங்கியதும் போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்,
பெரியப்பா