காற்றழுத்த மாற்றமும் கடல் மீன்பிடிப்பும்

கடலில் மீன் கிடைப்பதற்கும் வானிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை மீனவர்கள் தொன்றுதொட்டே அறிந்துள்ளனர். ஆயினும், காற்றழுத்தம் இறங்கினால் மீன் மிகுதியாகக் கிடைக்கும், ஏறினால் கிடைக்காது என்னும் கருத்தை அப்படியே ஏற்கலாமா என்பது ஆராய்தற்குரியது. காற்றழுத்தமானியிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கலாகாது என்பதை மீன்வளத் துறை அலுவலர்களும் மாணாக்கர்களும் தெளிந்திருப்பது நலம்.

அட்லாண்டிக் கரையின் அனுபவம்

இக்கருத்து ஆழமாக வேரூன்றியுள்ள இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்குக் கரையாகும். செசபீக் விரிகுடா தொடங்கி மெய்ன் மாநிலம் வரை, உடலில் கரிய கோடுகள் கொண்ட 'ஸ்டிரைப்டு பாஸ்' மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் பலர், காற்றழுத்தமானியைப் பார்த்தே புறப்படுகின்றனர். அவர்களது அனுபவம் பொய்யன்று. குளிர்காற்று முன்னேறி வரும் எல்லை நெருங்கும்போது அழுத்தம் இறங்குகிறது, மேகம் கவிகிறது, காற்று கடலிலிருந்து கரைநோக்கி வீசினால் அலைகள் கரையோர மணலைக் கலக்குகின்றன. சிறு மீன்கள் அலையில் நிலைகுலைகின்றன. மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் வேட்டையாட வல்ல பாஸ் மீன் அப்போது கரையை அண்டி வருகிறது. அந்த எல்லை கடந்தபின் அழுத்தம் உயர்கிறது. வானம் வெளுக்கிறது, காற்று திசை மாறுகிறது, நீர் தெளிந்து அடங்குகிறது, மீன் தூண்டிலை நாடுவதில்லை.

ஆக, கருவியில் தெரிவது அழுத்தம்; மீனை இயக்குவது காற்றும் அலையும் ஒளியும் நீரின் வெப்பநிலையும் ஆகும். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 1 மில்லிபார் அழுத்தம் ஏறத்தாழ 1 செ.மீ. உயர நீரின் எடைக்குச் சமம். வானிலை மாற்றத்தால் அழுத்தம் 20 மில்லிபார் குறைந்தால், அது மீன் 20 செ.மீ. மேலெழுந்ததற்கு ஈடாகும். இரைதேடி ஒரு மீட்டர் ஏறி இறங்கும் மீனோ 100 மில்லிபார் மாற்றத்தைச் சில நொடிகளில் தாங்கிக்கொள்கிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அடித்தரையில் தங்கும் மீனுக்கு இது சுமார் 1,000 மில்லிபார் வேறுபாடு. மீனின் காற்றுப்பை வானத்து அழுத்தத்தால் நெருக்குண்டு பசியைப் போக்கிவிடுகிறது என்னும் விளக்கம் இக்கணக்கின்முன் நிற்பதில்லை.

எனினும், மீன்கள் அழுத்தத்தை உணர்வதே இல்லை என்று முடிவுகட்டுதலும் தவறு. 2001 செப்டம்பரில் கேப்ரியல் என்னும் புயல் புளோரிடாவை நெருங்கியபோது, ஆழமற்ற ஒரு விரிகுடாவில் ஒலிக்கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட இளம் சுறாக்கள், அழுத்தம் இறங்கிய நேரத்தில் ஆழ்ந்த நீருக்குச் சென்று, புயல் கடந்தபின் திரும்பின. சுறாவுக்குக் காற்றுப்பையே இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. ஆனால் இது புயலின்போது நேர்ந்தது. அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு இதைச் சான்றாக்க இயலாது.

நம் கடல்களில்

மேலைநாட்டுத் தூண்டில் விதிகளை நம் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை, இரவு 10 மணியளவில் உச்சம்; மாலை, விடியற்காலை 4 மணியளவில் தாழ்வு; வேறுபாடு 3, 4 மில்லிபார். பிற்பகலில் முள் இறங்கக் கண்டு மீன் வரும் என்று மகிழ்வதற்கும் புயல் வரும் என்று அஞ்சுவதற்கும் இடமில்லை. நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுவதே முறை.

நம் மேற்குக் கரையில் மீன்வளத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்பரப்பு நீரைக் கரையினின்று அகற்ற, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த, உயிர்வளி குன்றிய நீர் மேலெழுகிறது. நுண்ணுயிர்த் தாவரங்கள் பெருகுகின்றன. சாளையும் அயிலையும் அவற்றை நாடித் திரள்கின்றன. ஆலப்புழைக் கரையில் 'சாகரா' எனப்படும் சேற்றுக்கரை, கொந்தளிக்கும் பருவத்தில் அலையடங்கிய நீர்ப்பரப்பை உண்டாக்கிச் சிறு வள்ளங்களுக்கும் தொழில் தருகிறது. 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் மீன் திரளும் இடங்களைக் கணிப்பதற்குச் செயற்கைக்கோள் வழி நோக்குவது நீரின் வெப்பநிலையையும் நிறத்தையுமே.

கருவியின் மெய்ப்பயன்

காற்றழுத்தம் மீனைப்பற்றிச் சொல்வது சிறிது. மீனவனின் உயிரைப்பற்றிச் சொல்வது மிகுதி. பருவத்துக்குரிய சராசரியினின்று 3 மில்லிபார் குறைந்தால் விழிப்படைக, 5 மில்லிபார் குறைந்தால் புயல் அண்மையில் உள்ளதெனக் கொள்க என்பது வெப்பமண்டலக் கடல்களில் மாலுமிகள் பின்பற்றும் விதி. நாள்வட்ட ஏற்ற இறக்கத்தைக் கழித்த பின்னரே இவ்வளவைக் கொள்ள வேண்டும். காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினாலன்றிப் 'புயல்' என்னும் பெயர் சூட்டப்படுவதில்லை. சிறு படகைக் கவிழ்க்க அவ்வளவு காற்று தேவையில்லை. பெயருக்காகக் காத்திருப்பதைவிடத் தாழ்வு மண்டலம் என்ற சொல் கேட்டவுடனே கரை திரும்புவது நன்று.

2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிக்கடல் பகுதியில் புயலாக மாறியது. குமரி, கேரளக் கரைகளின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல, வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கச் சென்று, கைப்பேசியும் கரையோர வானொலியும் எட்டாத தொலைவில் இருந்தன. அவர்களுக்கு அறிவிப்பைச் சேர்க்க வழியில்லை. மாண்டோரும் திரும்பாதோரும் நூற்றுக்கணக்கினர்.

இக்குறையை நீக்க 2019இல் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் திரளும் இடங்களையும் அது நடுக்கடலில் படகோட்டியின் கைப்பேசியில் காட்டுகிறது. ஆனால் அது ஒருவழிக் கருவி. படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப இயலாது. இருவழித் தொடர்புக்கென ஒரு லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் அலைவாங்கிகளைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு பின்னர் வகுத்தது. மாவட்ட அலுவலர் முதலில் கணக்கெடுக்க வேண்டியவை, நாள் கடந்து தங்கும் படகுகளே.